சீனன்குடாவிலிருந்து திரியாய் வரை: கபுர்களைத் தேடி ஒரு பயணம்

சீனன்குடா ஸ்டேசனில் இரவு றெயிலை விட்டு இறங்கியபோது இன்னும் விடியவில்லை. வெளியே வான் நின்றது. எங்களுக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் முன் ஆசனத்தில் இருந்தபடியே தலைகளை எண்ணினார். மொத்தம் ஒன்பது பேர். கொழும்பு, மாவனல்லை, அக்குறணைப் பக்கத்து ஆட்கள். இளம் மௌலவி ஒருவர். மகனோடு வந்த எழுபது வயது உம்மா ஒருவர். எல்லாரும் அவரை 'சேர்' என்றே கூப்பிட்டோம்.

"சியாரத்துக்குப் போற பயணம் எண்டு நினைச்சு வந்தவங்க கொஞ்சம் பொறுங்க. முதல்ல தண்ணியப் பாப்பம்" என்றார் சேர்.

வெளிச்சம் வந்ததும் தண்ணீர் தெரிந்தது. நாலு பக்கமும் குன்றுகள் அணைத்த உள்துறைமுகம். காற்றுக்கும் அலைக்கும் மறைவான குளம் போன்ற கடல். பின்னால் காட்டுக்குள்ளே இரும்பு எண்ணெய்க் குதங்கள். பிரித்தானியர் கட்டியவற்றில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கியபோது ஒரு விமானம் குதம் ஒன்றின் மேலேயே விழுந்தது. தீ ஏழு நாள் எரிந்தது என்பார்கள். சுற்றுலாப் புத்தகங்களில் சீனன்குடாவின் வரலாறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பேருக்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சீனன் கப்பல் வந்து கட்டிய குடா என்பது அதில் ஒன்று. சீனர் இலங்கைக்கு வந்ததற்குக் கல்லே சாட்சி இருக்கிறது, ஆனால் அது கிடைத்தது காலியில். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த அந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டுத் திகதி இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. 1911இல் அதைக் கண்டெடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு சீனன்குடாவுக்கும் செங் ஹோவைக் கொண்டுவந்துவிட நமக்கு ஆசைதான். பேரை வைத்து வரலாறு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கல்லை வைத்து எழுதலாம்.

இந்தத் துறைமுகத்துக்கென்றே நம்மிடம் ஒரு கல் இருக்கிறது. சேர் எங்களை முதலில் தண்ணீரைப் பார்க்கச் சொன்னதும் அதற்காகத்தான். அவர் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துப் பிரித்தார். திருகோணமலையின் குடாக்களில் ஒன்றான நிக்கல்சன் குடாவில் கிடைத்த அறபு மீஸான் கல்லின் விவரம் அதில் இருந்தது. பத்ருத்தீன் ஹுசைன் பின் அலி அல்-ஹலபி என்ற தலைவரின் மகளுடைய கபுர்க்கல் அது. ஹிஜ்ரி 729, அதாவது கி.பி. 1329.

அல்-ஹலபி என்றால் ஹலபு ஊரார். இன்று அலெப்போ என்று செய்திகளில் கேட்கிறோமே, அதே சிரியா நாட்டு நகரம்.

"ஒரு மகள்" என்றார் சேர். "மாலுமி இல்ல, வியாபாரி இல்ல, அவுலியாவும் இல்ல. ஒரு வீட்டுப் பிள்ள. அத நல்லா நினைவில வைச்சிக்கொள்ளுங்க."

நான் இரண்டு நாளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பருவக்காற்றுக்கு வந்து பருவக்காற்றுக்குத் திரும்புகிற வியாபாரி மகளைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. அவள் ஹலபிலிருந்து தகப்பனோடு வந்தவளாக இருக்கலாம்; இங்கேயே ஓர் உள்ளூர்த் தாய்க்குப் பிறந்தவளாகவும் இருக்கலாம். ஊர்ப்பேர் மூன்று தலைமுறை கழிந்தும் ஒட்டிக்கொண்டு வருவது நமக்குப் புதிதல்ல. எப்படியென்றாலும் அங்கே ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. ஜனாஸாத் தொழுகைக்கு ஆள் இருந்திருக்கிறது, அடக்க மையவாடி இருந்திருக்கிறது, கல்லில் அறபு எழுதத் தெரிந்த கை இருந்திருக்கிறது, அல்லது அப்படி எழுதிய கல்லைத் தருவிக்கும் வசதி இருந்திருக்கிறது. தகப்பனைத் 'தலைவர்' என்று எழுத வேண்டுமானால் அவருக்குக் கீழே ஆட்களும் இருந்திருக்க வேண்டும்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கதையை நாம் வழக்கமாக 1626இலிருந்து சொல்கிறோம். போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து சோனகரை விரட்டினார்கள்; கண்டி மன்னன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். அது உண்மைதான், அந்த மன்னனுக்கு நாம் பட்ட நன்றியும் உண்மைதான். ஆனால் அந்தக் கதையை மட்டும் சொல்லிச் சொல்லி, கிழக்குக்கே நாம் அகதிகளாக வந்தவர்கள் என்று நம்முடைய பிள்ளைகளே நம்பிவிட்டார்கள். நிக்கல்சன் குடாக் கல் செனரத் மன்னனுக்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் மூத்தது.

இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் வெளியான தம் குறிப்பில், ஆதியில் அறபுகள் இந்தத் தீவில் அமைத்த எட்டுக் குடியிருப்புகளைச் சொல்கிறார். திருகோணமலை, யாழ்ப்பாணம், மாந்தை-மன்னார், குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி. முதலில் வருவது திருகோணமலை. கொழும்புப் பழைய மையவாடியில் கிடைத்த ஹிஜ்ரி 337ஆம் ஆண்டு (கி.பி. 948) அறபுக் கல்லைப் பற்றியும் அவர்தான் எழுதினார். அந்தக் கல்லை 1787இல் ஓர் ஒல்லாந்த அதிகாரி மையவாடியிலிருந்து பெயர்த்துத் தன் வீட்டுக்குப் படி கட்டக் கொண்டுபோனார் என்பது அவர் தரும் தகவல். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய மௌத்தின் சாட்சி, செருப்புக் காலுக்குப் படியாகக் கிடந்து தப்பியிருக்கிறது.

ஹலபு ஊராருக்கு இங்கே என்ன வேலை என்று மௌலவி கேட்டார். நல்ல கேள்வி. 1283இல் இலங்கை மன்னன் முதலாம் புவனேகபாகு எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூனுக்குத் தூது அனுப்பினான். வியாபாரத் தொடர்பு கேட்டு, முத்தும் யானையும் இங்கே உண்டு என்று சொல்லிய தூது அது. ஹலபு அந்நாளில் மம்லூக் சுல்தான்களின் நகரம். ஆக, கெய்ரோவிலும் ஹலபிலும் இருந்தவர்களுக்கு இலங்கை என்பது கதைப்புத்தகத் தீவல்ல, கணக்குப் புத்தகத்தில் வருகிற தீவு. கல் வைத்துப் பதினைந்து வருஷம் கழித்து, 1344இல், இப்னு பதூதா மேற்குக் கரையில் இறங்குகிறார். அவர் சந்தித்த ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது என்று எழுதுகிறார்.

இப்னு பதூதாவும் வழிகாட்டியோடுதான் போனார். பாவா ஆதம் மலைக்குப் போக விரும்பியவருக்கு மன்னன் கொடுத்த ஆட்கள்: நாலு யோகிகள், மூன்று பிராமணர், தன் தோழர் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். போகிற வழியில், குனகார் என்று அவர் எழுதும் நகரில், ஷீராஸ் ஊர் ஷைகு உஸ்மான் பேரால் ஒரு பள்ளிவாயலைப் பார்க்கிறார். அந்த ஷைகுவும் மலைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போன வழிகாட்டிதான். அவருடைய அடக்கத்தலத்தை அந்நாட்டு அரசனும் சனங்களும் போய்க் கண்டு மரியாதை செய்தார்கள் என்கிறார். சேர் இதைச் சொல்லும்போது, "எனக்கும் ஒரு சியாரம் கட்டுவீங்கதானே" என்று சிரித்தார். மௌலவி சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு நகரத்துக்கு வந்தோம். பிரட்ரிக் கோட்டை வாசலைக் கடக்கும்போது சேர் வானை நிறுத்தச் சொல்லி, சுவரில் பாண்டியரின் இரட்டைக் கயலைக் காட்டினார். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக்கொண்டே இந்தக் கோட்டையை எழுப்பினார்கள். கோயில் கல் கோட்டையானது, கபுர்க்கல் படிக்கட்டானது. ஒரே நூற்றாண்டு வேலையில்லை. ஆனால் இரண்டு வேலைக்கும் மனம் ஒன்றுதான்.

கோட்டைக்கு வெளியே, கடலோரத்துப் பழைய ஆங்கிலேய மையவாடியில் ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஒஸ்டின் அடங்கியிருக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. 1852இல் பர்மாவில் மௌத்தாகி இங்கே கொண்டுவந்து அடக்கப்பட்டவர். வெள்ளைக்காரப் பயணிகள் அந்தக் கபுரைக் கேட்டு வருவார்கள் என்றார் சேர். "ஹலபுத் தலைவர்ட மகளக் கேட்டு இவ்வளவு காலத்துல எத்தின பேர் வந்திருக்காங்க சேர்?" என்று கேட்டேன். "நீங்க ஒன்பது பேர்" என்றார்.

அங்கிருந்து அநுராதபுரம் றோட்டில் கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாயின் கிரியைக்காக வாளால் குத்தி உண்டாக்கியவை என்பது சைவர் நம்பிக்கை. இடத்தைப் பற்றி அவர்களுக்கும் பௌத்த தரப்புக்கும் இருந்த பிணக்கு 2019இல் நீதிமன்றம் வரை போனது. கிணற்றடியில் இத்தனை வழக்கு நடக்கும்போது, மேலே குன்றில் நம்முடைய நீண்ட கபுர் இருக்கிறது.

நீண்டது என்றால் சாதாரண நீளமில்லை. நாற்பது முழ அவுலியா என்று சொல்லிப் பழகிய வகை. உம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மௌலவி வானிலேயே இருந்துகொண்டார். "நாற்பது முழத்துக்கு மனுசன் இருப்பானா சேர்? கபுர உயர்த்துறதே கூடாது, இதுல நீட்டுறதும் வேறயா" என்றார். உம்மா திரும்பிப் பார்த்து, "மகன், நாங்க முழம் போட வரல்ல. எங்கட உம்மா வந்த இடம், நானும் வந்தன்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் வரலாற்று மாணவனுக்கு இருவருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த நீளம் ஏன்? தலைமன்னாரில் பாவா ஆதமும் ஹவ்வாவும் அடங்கியதாகச் சொல்லும் கபுர்கள் இப்படி நீண்டவை. கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்தில் ஹாபில், காபில் பேரிலுள்ள கபுர்களும் அப்படியே. வட இந்தியாவில் 'நவ்கஜா', ஒன்பது கெஜத்தார், என்ற பேரில் ஊருக்கு ஊர் நீண்ட கபுர்கள் இருக்கின்றன. ஆக இது கன்னியாவின் தனிக் கற்பனை அல்ல, இந்து சமுத்திரக் கரையிலிருந்து பஞ்சாப் வரை பரந்த ஒரு மரபு. ஆதி மனிதர்கள் உயரமானவர்கள் என்ற நம்பிக்கை ஒரு காரணம். ஒருவரையல்ல, கூட்டாக மடிந்த பலரை வரிசையாக அடக்கியதால் நீண்டது என்று சொல்பவர்களும் உண்டு. என் கருத்து வேறு. பேரும் வருஷமும் மறந்துபோன இடத்தில் சனங்கள் நீளத்தைக் கொடுக்கிறார்கள். எழுத்தில்லாத கபுருக்கு அளவுதான் எழுத்து. இங்கே யாரோ பெரியவர், நம்மவர், இருக்கிறார் என்று சொல்ல அவர்களிடம் இருந்த ஒரே வழி அது. அதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதையே சான்றாக வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

கன்னியாவைத் தாண்டிக் காட்டுப் பாதையில் வெல்கம் விகாரை. தமிழர்கள் நாதனார் கோயில் என்பது இதைத்தான். பொலன்னறுவையைச் சோழர் ஆண்டபோது இந்தப் பௌத்த விகாரையை அவர்கள் இடிக்கவில்லை. 'இராசராசப் பெரும்பள்ளி' என்று பேர் வைத்து ஆதரித்தார்கள். விளக்குக்கும் மாட்டுக்கும் தமிழில் தானக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இங்கே எல்லாரும் இறங்கினோம், மௌலவியும்.

அவரை இறங்க வைத்தது 'பள்ளி' என்ற சொல். பௌத்தருக்கும் சமணருக்கும் உரிய வழிபாட்டிடத்தைத் தமிழில் பள்ளி என்றார்கள். கோயில் என்ற சொல் வேறு சமயத்தாருக்கு உரியதாக இருந்தபோது, தொழுகைக்கு வந்த சோனகருக்கும் தமிழ் அந்தச் சொல்லையே எடுத்துக் கொடுத்தது. இராமநாதபுரம் பக்கம் திருப்புல்லாணியில் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று அங்கிருந்த பள்ளிவாசலைச் 'சோனகச் சாமந்தப் பள்ளி' என்று சொல்கிறது. இந்தக் காட்டுக்குள்ளே இருக்கும் பெரும்பள்ளியும் நாம் ஐந்து வேளை போகும் பள்ளியும் ஒரே சொல்லின் பிள்ளைகள். மௌலவி அந்தக் கல்லெழுத்தின் முன் வெகுநேரம் குந்தியிருந்தார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நிலாவெளி றோட்டால் வடக்கே. இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டினால் வலது பக்கம் கடல், இடது பக்கம் களப்பும் பற்றையும். குச்சவெளிப் பகுதியில் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்பட்ட அறபுக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கேயே கடலோரப் பாறையில் அதற்குப் பல நூற்றாண்டு முந்திய சமஸ்கிருத எழுத்தும் உண்டு. நிக்கல்சன் குடாவில் ஒன்று, குச்சவெளியில் ஒன்று. தற்செயலாக ஒதுங்கிய ஒரு குடும்பத்தின் கதையாக இது இருக்க முடியாது. வடகிழக்குக் கரை நெடுக நம்மவர் இறங்கு துறைகள் இருந்தன என்று கொள்வதே பொருத்தம்.

திரியாய்க்குப் போய்ச் சேர அஸர் நேரமாகிவிட்டது. மலைமேல் வட்டதாகே, தூண்கள் வட்டமாக நிற்க நடுவே தாதுகோபம். தபஸ்ஸு, பல்லுக என்ற இரண்டு வணிகர்கள் புத்தரின் கேசத்தைக் கொண்டுவந்து வைத்த இடம் என்பது மரபு. பல்லவ எழுத்தையொத்த எழுத்தில், சமஸ்கிருதத்தில், பாறையில் வெட்டிய கல்வெட்டு அந்த வணிகர் கூட்டத்தைச் சொல்கிறது. அரசன் கட்டியதாகச் சொல்லவில்லை, வியாபாரிகள் பேரைச் சொல்கிறது. இந்தக் கரையின் குணமே அது. பௌத்தரானாலும் சைவரானாலும் சோனகரானாலும் கடலால் வந்தவர்கள் தங்கள் கும்பிடும் தொழுகையும் கொண்டுவந்து இறக்கினார்கள். மலையடியில் ஒதுங்கித் தொழுதுவிட்டுத் திரும்பினோம்.

இரவு வானில் பேச்சு குறகலைக்குப் போனது. பலாங்கொடைக்குப் பக்கத்தில் தப்தர் ஜெய்லானி என்று நாம் தலைமுறைகளாகக் கந்தூரிக்குப் போன மலை அது. முஹியித்தீன் அப்துல் காதர் ஜீலானி (றஹ்) அவர்கள் தங்கித் தவம் இருந்ததாகச் சொல்லும் குகை. பலாங்கொடை எம்.பி.யாக இருந்த எம்.எல்.எம். அபூசாலி அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். 2013இல் அங்கிருந்த நம்முடைய கட்டடங்கள் சில அகற்றப்பட்டன. இப்போது அது பெரிய பௌத்தத் தலம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, முதலில் அறிவித்த பதினொரு பேரில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இல்லை. அந்தக் கதிரையில் நம்மவர் ஒருவர் இருந்திருந்தால் மேசையில் எதை வைத்திருப்பார்? கராமத்துக் கதையையா, ஹிஜ்ரி 729ஆம் ஆண்டுக் கல்லையா? வானில் யாரும் பேசவில்லை. உம்மா தூங்கிவிட்டிருந்தார்.

மறுநாள் காலை சீனன்குடாவுக்குப் பக்கத்திலேயே வெள்ளைமணல். கருமலையூற்றுப் பள்ளி பற்றிப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். 2009 முதல் படையினரின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த அந்தப் பழைய பள்ளி 2014 ஆகஸ்டில் தரைமட்டமாகக் கிடந்தது. இடித்தார்கள் என்றது ஊர். பழுதாகித் தானாக விழுந்தது என்றது இராணுவம். நமக்கு வலிக்க வேண்டியது அதுமட்டுமல்ல. அந்தப் பழைய சுவரை, வளைவை, மையவாடிக் கற்களை விழுவதற்கு முன்னால் அளந்து, படம் எடுத்து, ஒழுங்காக எழுதி வைத்திருக்கலாம். போருக்கு முந்திய அந்த நீண்ட அமைதிக் காலத்தில் யார் தடுத்தார்கள்? நம்முடைய சங்கங்கள் மீலாத் விழா மலர்களில் அமைச்சர்களின் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கிய பக்கங்களில் கால்வாசி போதுமாக இருந்திருக்கும்.

கடைசியாகக் கிண்ணியா. முன்பு பாதையில் ஏறிக் கடந்த துறையை 2009இல் திறந்த பாலம் இப்போது இணைக்கிறது. 396 மீற்றர் நீளம், சவூதி உதவி. சேரின் ஊர்ப் பக்கம். அவர் எங்களை எந்தச் சியாரத்துக்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை, பழைய மையவாடி ஒன்றுக்குப் போனோம். சுனாமித் தண்ணீர் ஏறிப் போன நிலம். மீஸான் கற்கள் சாய்ந்தும் புதைந்தும் கிடந்தன. சிலதில் பாசி, சிலதில் யாரோ நல்ல எண்ணத்தோடு அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு. சேர் பையிலிருந்து ஒரு மென்மையான தூரிகையும் மெல்லிய கடதாசியும் பென்சிலும் எடுத்தார். கல்லைச் சுரண்டக் கூடாது, அசிட் ஊற்றக் கூடாது, கத்தி வைக்கக் கூடாது. தண்ணீரும் தூரிகையும் மட்டும். கடதாசியை வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் எழும்பி வரும். சாய்வெயிலில் ஒரு படம், கல் இருக்கும் இடத்துக்கு ஒரு குறிப்பு. அவ்வளவுதான் வேலை. மையவாடிப் பொறுப்பாளரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

"அறபு வாசிக்கிற ஆள் ஒருத்தர் வேணும். எனக்கு இப்ப கண் போதாது" என்றார்.

மௌலவி ஜுப்பாவை மடித்துக்கொண்டு மண்ணில் முழங்காலிட்டார். முதல் வரியில் கலிமா. இரண்டாவது வரியில் பேர் அழிந்திருந்தது. 'பின்த்' என்ற சொல் மட்டும் தெளிவாக எழும்பியது. மகள். அதற்குக் கீழே வருஷம் இருக்க வேண்டிய இடத்தில் கல் மண்ணுக்குள்ளே போயிருந்தது. அவர் விரலால் மண்ணை விலக்கத் தொடங்கினார். உம்மா தன் தண்ணீர்ப் போத்தலை மூடி திறந்து அவர் பக்கம் நீட்டினார்.